அமிர்தம் அண்ணி காதில் சொன்ன பெயர்

என் நாத்தனார் அமிர்தத்துக்கு ரகசியம் பேச வராது. ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவள் சொல்வதெல்லாம் மூன்று தெருவுக்குக் கேட்கும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், என் சமையலைப் பற்றித் தன் புருஷனிடம் அவள் ரகசியமாகச் சொன்னதை, எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றபடியே கேட்டேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.

"பாவம், அந்தப் புள்ளைக்கு உப்பு கையில நிக்கல. கம்மின்னா ஒரேடியா கம்மி, ஜாஸ்தின்னா ஒரேடியா ஜாஸ்தி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொதிக்கிற குழம்பில் இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன். அதை உட்கார்ந்து சாப்பிட்டதும் நான்தான், அது வேறு கதை.

அந்தக் குரல் அவளுக்குத் தேவைப்பட்டது. எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிற ஊர். கரும்பு ஏழெட்டு மாதம் வளர்ந்ததும் அடியில் காய்ந்து தொங்கும் இலையை, சோகையை, உரிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் காலையில் உள்ளே போனால், பக்கத்து வரிசையில் நிற்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். பாம்பு பூச்சி இருக்கிற இடம். அந்தப் பெண்களுக்கு அமிர்தம் அண்ணிதான் தலைவி. சாப்பாட்டு நேரத்துக்கு வரப்பில் நின்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "ஏ கண்ணகீ!" என்றால் கரும்புக்குள் எங்கிருந்தாவது "தோ வரேன்!" என்று பதில் வரும். பதில் வராவிட்டால் இவளே உள்ளே நுழைந்துவிடுவாள். அப்படி ஒருமுறை மயங்கிக் கிடந்த ஒருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆக, அவளுக்குப் பெயர் என்பது கூப்பிடுவதற்கு உள்ள பொருள். அழகு, அர்த்தம் எல்லாம் அப்புறம்.

அவள் அப்பா, அதாவது என் மாமனார் ஆதிமூலம், அவளை அமிர்தம் என்று கூப்பிட மாட்டார். "இருசு" என்பார். ஊரில் வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முதலில் அது செல்லப் பெயர் என்று நினைத்தேன். அப்புறம் என் வீட்டுக்காரர் பிரவீன்குமார் சொன்னார், அவளுக்குக் குழந்தையில் வைத்த பெயர் இருசம்மாள் என்று. அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இரண்டு. காரியம் முடிந்த மறுநாள், "இன்னைலேர்ந்து என் பேரு அமிர்தம். வேற பேர சொல்லிக் கூப்புட்டா வர மாட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னாளாம். அந்தக் குரலில் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? மாமனார் மட்டும் பழைய பெயரை விடவில்லை, அவருக்கு மட்டும் அவளும் விட்டுக்கொடுத்தாள். தம்பியை அவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தாள். கல்யாணமும் அதே ஊரிலேயே செய்துகொண்டாள், தம்பியை விட்டுப் போக முடியாதென்று.

எனக்கு நான்கு வருஷம் குழந்தை இல்லை. ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பஸ் ஏறி ஏறி ஊசி போட்டுக்கொண்டவளும் நான்தான். ஆனால் மாமனார் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருந்தார். கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் குலசாமி இருசப்பன் இருக்கிறார். ஓடைக்கரையில் புளியமரம், அதனடியில் நட்ட கல், நாலைந்து வேல். அங்கே போய், "பையன் பொறந்தா உன் பேரையே வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. வயிற்றில் தங்கிய பிறகுதான் எனக்கே சொன்னார்கள்.

இந்தப் பக்கம் என் அப்பா அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சியில் மனு எழுதித் தட்டச்சு செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். தமிழ் என்றால் உயிர். என் அக்காவுக்குச் செந்தமிழ்ச்செல்வி, எனக்கு இலக்கியா என்று வைத்தவர் பேரனுக்குச் சும்மா இருப்பாரா? நாற்பது பெயரைப் பட்டியல் போட்டுத் தட்டச்சு செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கட்டி எனக்கு அனுப்பினார். அதில் எழில்வேந்தன் என்பதன் அடியில் மட்டும் சிவப்புக் கோடு.

எனக்குப் பிடித்த பெயர் ஆகாஷ். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமனாருக்குச் சாமி இருந்தது. அப்பாவுக்குத் தமிழ் இருந்தது. எனக்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான். குழந்தை இல்லாத நான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை, பாத்திரம் துலக்கும்போது, துணி காயப்போடும்போது, அந்தப் பெயரை வாய்க்குள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அதைப் போய் ஒரு காரணம் என்று யாரிடம் சொல்வது?

வளைகாப்புக்கு முந்தின வாரம் கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அமிர்தம் அண்ணி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா, பேரு பேருன்னு அடிச்சிக்கிறீங்க. கூப்புட்டுப் பாத்தீங்களா எவனாச்சும்?" என்று கேட்டவள், கண்ணகியை அந்தக் கோடியில் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். "காதுல வுழுந்தா கைய தூக்கு. வுழலன்னா தூக்காத. எனக்காவ பொய் சொல்லாத!"

முதலில் "இருசப்பா!" என்றாள். கொட்டகைப் பக்கம் கை உயர்ந்தது, மடையில் நின்ற கொக்கும் எழும்பிப் பறந்தது. அடுத்தது "எழில்வேந்தா!" கண்ணகி கையைப் பாதி தூக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தாள். கடைசியாக "ஆகாஷ்!" காய்ந்த சோகையில் காற்று அடிக்கிற சத்தத்தோடு அது சேர்ந்துகொண்டது. கை உயரவில்லை.

"ஊஹும். பேரு காத்துல போவல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அண்ணி வேலையைப் பார்க்கப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாசமாக இருக்கிறவளிடம் இப்படியா? இவளும் அப்பன் பக்கம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் அவள் கொண்டுவந்து கொடுத்த புளிச்சோற்றைத் தொடவில்லை. மதியம் வரை தொடவில்லை, அப்புறம் பசித்தது.

கள்ளக்குறிச்சியில் பையன் பிறந்தான். மூன்றே கால் கிலோ. அழுதான் என்றால் அவன் அத்தைக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான் என்று, பார்க்க வந்த அண்ணியின் குரலைக் கேட்டிருந்த நர்ஸம்மாவே சொன்னார். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. ஒரு வருஷத்துக்குள் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

பிள்ளை பெற்றவளைப் புருஷன் வீட்டுக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்துப் போவார்கள். மூன்றாம் மாதம் மாமனார் வாழைத்தாரோடு வந்தார். பேரனை மடியில் வாங்கிக்கொண்டு விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் பேச்சு எடுத்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை சாமிகிட்ட போயி இருசப்பன்னு காதுல சொல்லிட்டு, நேரா வூட்டுக்குக் கூட்டினு போயிடறேன் சம்மந்தி."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். "இந்தக் காலத்துல அந்தப் பேர வெச்சா பள்ளிக்கூடத்துல பசங்க சிரிப்பானுங்க சம்மந்தி. நல்ல தமிழ்ப் பேரா நாப்பது எடுத்து வெச்சிருக்கேன்."

"சிரிப்பானுங்களா? சாமி குடுத்த புள்ளைக்கு சாமி பேரு வெச்சா சிரிப்பானுங்களா?" மாமனார் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "நாலு வருசம் அந்தக் கல்லு முன்னால நின்னவன் நானு. பேரு இன்னான்னு முடிவாச்சின்னா சொல்லி அனுப்புங்க. வண்டி அனுப்பறேன்."

போட்டு வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தெருமுனை திரும்பிவிட்டார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், பெற்றவள். ஒருத்தர்கூட என்னைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் போயிற்று. பிள்ளையைத் தம்பி என்றோம், குட்டி என்றோம், அக்கா செந்தமிழ்ச்செல்வி மட்டும் "பேரில்லாத பெருமாளே" என்று கொஞ்சினாள். பிறந்த வீடுதான், சோற்றுக்குக் குறைவில்லைதான். ஆனாலும் மாதக்கணக்கில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரி கோலம் போடும்போதெல்லாம் "இன்னும் போவலியா?" என்று கேட்காமல் இருப்பாளா? கேட்டாள். ஒரு நாள் நான் அவள் கோலத்தை மிதித்துக்கொண்டே போனேன். தப்புதான்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ரோட்டில் எதிரே எந்த லாரி வந்தாலும் ஒதுங்காத மனுஷன், வீட்டில் பேச்சு எழுந்தால் ஒதுங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கில் வந்து பிள்ளையை ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் போவார். அரவைப் பருவம் தொடங்கியதும் அதுவும் நின்றது. ஆலை வாசலில் வரிசையில் வண்டி நின்றால் இரண்டு நாள்கூட ஆகும். மூன்று வாரம் கழித்து, ஏழாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு வந்தார். ஆசையோடு கையை நீட்டினார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதான். யாரோ வேற்றாள் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அவர் கையை மெதுவாகக் கீழே விட்டார். "பரவால்ல, வுடு" என்றார். பைக்கை எடுக்கும்போது சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. எந்தப் பெயரையாவது வைத்துத் தொலையுங்கள், என்னை என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அன்றைக்கு அப்பாவிடம் கத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் மாதமும் அப்படியே போயிற்று.

பத்தாம் மாதம் பிறந்த அன்று மதியம், தெருக்கோடியில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்பா, இந்த டைப்படிக்கிற அறிவுச்செல்வன் வூடு எது?"

வழி சொன்னவர் பாவம், பதிலை அவள் காதருகில் சொல்லியிருப்பார். கேள்வி தெரு முழுக்கக் கேட்டது. பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டான். அண்ணி ஒரு கட்டைப்பையோடு உள்ளே வந்து, பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றாள்.

"மாமா, தம்பி எங்கிட்ட வந்து அழுதுச்சி. எம்புள்ளைக்கு என்னைத் தெரியலக்கான்னு அழுதுச்சி. முப்பத்திமூணு வயசு ஆம்பள. எங்கம்மா செத்தப்பக்கூட அவன் அப்பிடி அழுவல, அப்ப அவனுக்கு வெவரம் தெரியாது. இனிமே இந்த வெளயாட்டு ஆவாது."

அப்பா நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ரெண்டு பொண்ணு பெத்தீங்க. ஆச ஆசயா பேரு வெச்சீங்க. எவனாச்சும் குறுக்க வந்து நின்னானா? இல்லல்ல? அப்ப உங்க பொண்ணு பெத்த புள்ளைக்கு அது ஆசப்பட்ட பேரு வெக்கக் கூடாதா? நீங்க மட்டுந்தான் ஆசப்படணுமா?"

அப்பாவின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது, பாதியில் நின்றது. நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். வரப்பில் நின்று "பேரு காத்துல போவல" என்றவளா இவள்?

அவள் அங்கிருந்து சமையலறைக்கு வந்தாள். தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. அந்த ஆகாசுன்னு கேட்டியே. இன்னும் அதான் புடிச்சிருக்கா?"

"ஆமா அண்ணி."

"இன்னாத்துக்கு அது?"

"புடிச்சிருக்கு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"போதுமே" என்றாள். பிள்ளை பிறந்த பிறகு, உனக்கு எது பிடித்திருக்கிறது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுவாத, குழம்பு அடி புடிக்குது பாரு" என்று அவளே இறக்கி வைத்தாள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். "உப்பு இன்னிக்கி சரியா இருக்கு" என்றாள்.

ஏற்பாடு இப்படி ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அப்பனின் கூடப்பிறந்தவள், அத்தைக்காரி. அது அவள் உரிமை. அதில் யாரும் தலையிடக் கூடாது, என்ன சொன்னாய் என்று கேட்கவும் கூடாது. பேப்பரில் எழுதுவது பெற்றவளின் விருப்பம். தாத்தாக்கள் இரண்டு பேரும் வாயில் வந்தபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். இதை அப்பாவிடம் சொன்னவள், ஊருக்குப் போய்த் தன் அப்பனிடமும் சொன்னாள், நடுத்தெருவில் நின்று சொன்னாள். ஊரே கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு மாமனார் எப்படி மறுப்பார்?

அவரும் மறுக்கவில்லை. "பேப்பர்ல எதையோ எழுதிக்கட்டும். காதுல சொன்னதுதான் பேரு. பேப்பர எலி தின்னுட்டுப் போவும்" என்று சொல்லிவிட்டாராம். காதில் விழப்போவது இருசப்பன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. காதை மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் பேப்பரை நான் வாங்கிக்கொண்டேன், நியாயமான பங்குதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேனில் எல்லோரும் மலையடிவாரத்துக்குப் போனோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். புளியங்கிளையில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டார்கள். பொங்கல் பானை பொங்கி வழிந்ததும் அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடையில் கைகால் கழுவிக்கொண்டு வந்து தொட்டிலை ஒரு கையால் நிறுத்தினாள்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தீட்ட வேண்டிய அவசியமே இல்லை, அமிர்தத்தின் ரகசியம் மலைமேல் வெள்ளிமலை வரை கேட்கும் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் முந்தானையை எடுத்துத் தன் தலையையும் பிள்ளையின் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். குனிந்தாள். ஓடைத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, புளியமரத்தில் ஒரு அணில் கத்தியது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை மட்டும் உள்ளே களுக்கென்று சிரித்தான். அவள் நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா இருசு, ஒண்ணுமே காதுல வுழல?" என்றார் மாமனார்.

"புள்ள காதுல வுழுந்துச்சி. உங்காதுல வுழுவணும்னு யாரு சொன்னது?"

கூட்டம் சிரித்தது. மாமனாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வேண்டுதல் தீர்ந்த மனுஷனின் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுவாரம் அப்பா தன் கையாலேயே விண்ணப்பம் எழுதி, பெயர் என்ற இடத்தில் ஆகாஷ் என்று நிரப்பினார். கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடுதான் நிரப்பினார், ஆனால் எழுத்து என்னவோ முத்து முத்தாக இருந்தது. நான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரே வாரத்தில் பிள்ளை அப்பாவைப் பார்த்ததும் டிராக்டரில் ஏற்று என்று கையை நீட்ட ஆரம்பித்துவிட்டான்.

பத்து நாள் கழித்து அமிர்தம் அண்ணி தலையை முழுக்க மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் பதறிப்போனேன். இடுப்பு வரை முடி அவளுக்கு. அந்த முடியை எண்ணெய் தடவிக் கொண்டை போட அவளுக்கு அரைமணி நேரம் ஆகும்.

"இன்னா அண்ணி இது?"

"கரும்புக்குள்ள போனா சொனை அரிக்குது புள்ள. முடிக்குள்ள பூந்துச்சின்னா ராவெல்லாம் சொறிஞ்சிகினே கெடக்கணும். போவுது வுடு, வளந்துடும்" என்றாள்.

கரும்பு இலையில் இருக்கும் பொடி முள், அந்தச் சுனை, அரிப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் புருஷன் மட்டும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அதையும் அவளே ரகசியமாகச் சொன்னாள், தெருவே கேட்டது.

இப்போது பையனுக்கு நாலு வயது. நான் ஆகாஷ் என்பேன். மாமனார் "இருசப்பா" என்று கரும்புத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார். அப்பா போனில் எழில்வேந்தா என்பார். என் வீட்டுக்காரருக்கு "டேய்" போதும். எல்லாவற்றுக்கும் அவன் ஓடி வருவான், தின்பதற்கு ஏதாவது இருக்கும் என்று. நான் மட்டும் இருசப்பன் என்ற பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. பிடிவாதம்தான். காதைக் கொடுத்தேன், வாயையுமா கொடுக்க வேண்டும் என்கிற பிடிவாதம்.

போன ஆடியில் வழக்கம்போலக் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போனோம். மாமனாரும் பையனும் ஓடையில் கூழாங்கல் பொறுக்கப் போய்விட்டார்கள். நான் சுள்ளி ஒடிக்கப் புளியமரத்துக்குப் பின்பக்கம் போனேன். கல்லுக்கு முன்னால் அண்ணி மட்டும் இருந்தாள். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு சாமியிடம் ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ரகசியம் எப்படிப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இருசப்பா, இந்த வருசமும் வந்துட்டேன். புள்ள நல்லா இருக்கான். எங்கப்பன் உங்கிட்ட ஒத்துக்கிட்ட பேர நான்தான் அவன் காதுல சொல்லல. ஆகாசுன்னுதான் மூணு வாட்டியும் சொன்னேன். கோவம்னா எம்மேல வெச்சிக்கோ, எங்கப்பன் மேலயும் புள்ள மேலயும் வெக்காத. அதுக்குத்தான் முடி குடுத்துட்டேன். கம்மின்னா சொல்லு, இன்னொரு வாட்டி குடுக்கறேன்."

சுள்ளி என் கையில் அப்படியே இருந்தது.

"நீயே சொல்லு. எனக்கு உம்பேரதான் வெச்சாங்க. எங்கம்மா என்னை அமிர்தம்னு ஆசயா கூப்புடும். எங்கப்பன் வூட்ல இல்லாதப்ப மட்டும். அடுப்பாண்ட ஒக்காந்து, காதுகிட்ட வந்து, சத்தம் வெளிய போவாம கூப்புடும். சாவற வரைக்கும் தெருவுல நின்னு ஒரு வாட்டி கூப்புட்டதில்ல. எங்கம்மா எப்பிடி கத்தும்னே எனக்குத் தெரியாது. அதே மாரி இந்தப் புள்ள இலக்கியாவும் தான் பெத்ததை ஒளிஞ்சி ஒளிஞ்சி கூப்புடணுமா? உனக்கு ஊரெல்லாம் பேரு இருக்குது. நீதான் கொஞ்சம் வுட்டுக்குடேன்."

காதையும் அவள் எனக்கே கொடுத்திருந்தாள். அதற்கு அவள் கொடுத்தது இடுப்பு வரை முடி. அதுவும் எனக்குத் தெரியாமல். இவளைப் போய் எதிரி என்று நினைத்தேனே, புளிச்சோற்றைத் தொடாமல் இருந்தேனே என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. பதிலுக்கு நான் என்ன கொடுப்பது? அந்தக் கல் முன்னால் கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், நாலு வருஷமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது.

மரத்துக்கு முன்பக்கம் வந்தேன். ஓடையைப் பார்த்து, மூச்சை நன்றாக இழுத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"இருசப்பா!"

தண்ணீரில் குனிந்திருந்த மாமனார் விருட்டென்று நிமிர்ந்தார். கையிலிருந்த கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தது. பையன் ஒரு நொடி நின்று யார் கூப்பிட்டது என்று பார்த்தான். நான்தான் என்று தெரிந்ததும் "இன்னாம்மா!" என்று சத்தம் போட்டபடி ஓடி வந்தான். அத்தைக்குத் தப்பாத குரல்.

அண்ணி கல் முன்னாலிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த சுள்ளியைப் பார்த்தாள், மரத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

"கேட்டுட்டியா?" என்றாள். அந்தத் தொட்டிலுக்குப் பிறகு அவள் குரல் தணிந்தது அன்றைக்குத்தான்.

"மலைக்கே கேட்டுச்சு அண்ணி."

அவள் தோள் வரை வளர்ந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். கண் இரண்டும் நிறைந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"ஏன்டி, அந்தப் பேரு உனக்குப் புடிக்காதே. இன்னாத்துக்கு இப்ப கூப்புட்ட?"

ஓடி வந்த பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஈரக் காலால் என் சேலையெல்லாம் நனைத்தான்.

"சும்மா கூப்புட்டுப் பாத்தேன் அண்ணி" என்றேன். "பேரு காத்துல நல்லாப் போவுது."